மூன்றரை வட்டிக்கு ஒரு கூரை

நம் ஊர்களில் வட்டியைச் சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். இரண்டு வட்டி என்றால் "பரவாயில்ல, தெரிஞ்சவரு" என்பார்கள். மூன்று வட்டி என்றதும் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். ஐந்து, பத்து என்று போனால் அதற்குக் கந்து வட்டி என்று பெயர். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நம் தம்பி தங்கைகளின் பர்சுக்குள் இருக்கும் கிரெடிட் கார்டு ஒரு மூன்றரை வட்டிக்காரர். சில கார்டுகள் மூன்றே முக்கால். வட்டிக்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக நூற்றுக்கு மாதம் நாலு ரூபாய்க்கு மேல் போகிறது. இதே வட்டிக்கு ஒருவர் புல்லட்டில் வந்து நம் தெருவில் பணம் கொடுத்தால் அவரை என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்பது எல்லோருக்கும் தெரியும். வழவழப்பான அட்டையில் பெயர் பொறித்துக் கூரியரில் வரும்போது மட்டும் அதற்கு 'வசதி' என்று பெயராகிவிடுகிறது.

ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கிரெடிட் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டது; வட்டி விவகாரம் ரிசர்வ் வங்கியின் எல்லைக்குள் வருவது, ஆணையம் அதில் உச்சவரம்பு விதிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ரிசர்வ் வங்கியோ அளவுக்கு மீறி வாங்காதீர்கள் என்று அறிவுறுத்துகிறது. இவ்வளவுதான் என்று எண்ணால் ஒரு வரம்பு வைக்கவில்லை. ஆகவே இந்த மூன்றரை வட்டி முழுக்கச் சட்டபூர்வமானது. அதைத் தெரிந்துகொண்டே மேலே பேசுவோம்.

நாங்கள் களப்பணிக்குப் போகும் காலனிகளில் திரும்பத் திரும்பச் சந்திக்கிற ஒரு கடன் இருக்கிறது. போன் வாங்கிய கடன், பைக் வாங்கிய கடன் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இளைஞர்களை உண்மையில் நசுக்குவது வீட்டை எடுத்துக்கட்டிய கடன். புது வீடு கட்டியதல்ல. இருக்கிற தொகுப்பு வீட்டைப் பழுதுபார்த்த கடன்.

தொகுப்பு வீடுகளின் கதை உங்களுக்குப் புதிதல்ல. இந்திரா ஆவாஸ் யோஜனா 1985இல் தொடங்கியது. 1980களின் கடைசியிலும் 90களிலும் நம் காலனிகளில் எழுந்த வீடுகளில் பாதிக்கு மேல் இன்று எப்படி இருக்கின்றன என்று உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் போதும். காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி தெரியும். மழைக்காலத்தில் அந்தக் கம்பி வழியே சொட்டும். கட்டும்போதே சிமெண்டைத் திருடிய ஒப்பந்தக்காரர், அதற்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரி எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இன்னொன்றும் நடந்தது. காலனித் தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். இருபது வருடத்தில் ரோடு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வருகிறது. ஆகவே தரையை உயர்த்த வேண்டும். தரையை உயர்த்தினால் கதவு இடிக்கும், கதவை மாற்ற வேண்டும். கதவை மாற்றும்போது நிலையைப் பெயர்த்தால் சுவர் விரிகிறது. வீட்டு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்: ஒரு செங்கல்லைத் தொட்டால் வீடு முழுக்கத் தொட்டாக வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் ஒரு தம்பி. ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஓவர்டைம் சேர்த்து மாதம் 24,000 வரும். தங்கையின் கல்யாணப் பேச்சு வந்தபோது வீட்டில் கழிவறை இல்லை, கூரையில் பாதி இல்லை. மொத்தம் 2,60,000 ரூபாய் செலவானது. அப்பா பிடித்த சீட்டும் கையிருப்புமாக 80,000. மீதி 1,80,000 இரண்டு கார்டுகளில். சிமெண்டு, கம்பி, குழாய், டைல்ஸ் எல்லாம் கடையில் நேரடியாகத் தேய்த்தார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கார்டு செல்லாதே! அதற்கு ஒரு கடையில் சாமான் வாங்கியது போலத் தேய்த்து, கமிஷன் கழித்துக்கொண்டு காசு வாங்கினார். இதை ரொட்டேஷன் என்கிறார்கள். ஒரு கார்டின் பில்லைக் கட்ட இன்னொரு கார்டைத் தேய்ப்பதற்கும் அதே பெயர்தான். கடன் வட்டியும் கமிஷனும் சேர்ந்து சுற்றுகிற ராட்டினம் அது.

இந்தத் தம்பி ஏன் வீட்டுக்கடன் வாங்கவில்லை? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

வீட்டுக்கடன் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது விழுக்காட்டுக்குக் கிடைக்கிறது. அதாவது முக்கால் வட்டி. வீடு பழுதுபார்க்கும் கடனையும் முன்னுரிமைத் துறைக் கடனாகக் காட்ட வங்கிகளுக்கு அனுமதி உண்டு. வங்கிகள் தரும் கடனில் நலிந்த பிரிவினருக்கு என 12 விழுக்காடு இலக்கு இருக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள். ஏட்டில் எல்லாம் நமக்குச் சாதகம். வங்கி மேலாளர் கேட்பது வேறு: பட்டா, மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம். நம் தம்பியின் வீட்டு மனைக்கு இருப்பது, இறந்துபோன பாட்டியின் பெயரில் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த நிபந்தனைப் பட்டா. அதைப் பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுகளில் இருவர் பெங்களூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. வேறு காலனிகளில் நத்தத்துத் தோராயப் பட்டாவோடு நிற்கிறது. தூய பட்டா வரவில்லை. இன்னும் சில இடங்களில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி நமக்காக நிலம் கையகப்படுத்தி, நிலத்துக்காரர் வழக்குப் போட்டு, மனை அளந்து கொடுத்தும் தாள் முழுமையாகாமல் கிடக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்து இன்றுவரை நம் மக்களின் நிலக்கதை இதுதான்: காலுக்குக் கீழே மண் இருக்கும், கையில் தாள் இருக்காது.

கார்டு கொடுப்பவருக்கு இந்தத் தாள் எதுவும் வேண்டாம். தொழிற்சாலை வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருப்பார். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆதார், பான் போதும். முக்கால் வட்டிக் கடனுக்குப் பாட்டியின் பட்டா வேண்டும். மூன்றரை வட்டிக் கடனுக்குப் பேரனின் உழைப்பு போதும். நிலம் மறுக்கப்பட்ட சமூகம் அதிக வட்டி கட்டுவதன் இயந்திரம் இவ்வளவு எளிமையானது. இதில் எந்த வங்கி ஊழியரும் சாதி கேட்கத் தேவையே இல்லை.

கார்டின் ஈர்ப்பை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். "கார்டு சாதி கேக்கல அக்கா" என்று ஒரு தங்கை எங்களிடம் சொன்னாள். அவளுடைய அப்பா காலத்தில் கூரை மேய ஐயாயிரம் வேண்டும் என்றால் ஊருக்குள் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, திண்ணைக்குக் கீழே நின்று கேட்க வேண்டும். பணம் கிடைக்கும். கூடவே அறுப்புக்குக் கூப்பிட்டால் முதல் ஆளாகப் போக வேண்டும், கூலி பேசக் கூடாது, தேர்தலில் அவர் சொன்ன சின்னம். வட்டி என்பது அங்கே ரூபாயில் மட்டும் இருந்ததில்லை. அந்தத் திண்ணையிலிருந்து நம் பிள்ளைகளை விடுவித்த பொருள்களில் கார்டும் ஒன்று என்பதை மறுத்துவிட்டு, 'நவீனக் கொத்தடிமைத்தனம்' என்று மேடையில் முழங்குவது எங்களுக்கு உவப்பாக இல்லை. கொத்தடிமை முறையைச் செங்கல் சூளையில் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகச் செலவழிக்க மாட்டார்கள். ஆனால் திண்ணைக்காரர் கேட்ட விலையைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கார்டுக்காரர் கேட்கிற விலை பில்லின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "இவனுங்களுக்கு எதுக்குடா டைல்ஸ்?" ஊர்க்காரர்கள் சொன்னால் புரிகிறது. நம் இயக்கப் பெரியவர்கள் சிலரும் கொஞ்சம் நாகரிகமாக அதையே சொல்கிறார்கள்: நுகர்வு மோகம், ஆடம்பரம், பார்த்துச் சூடு போட்டுக்கொள்வது. சமூகவியல் வகுப்பில் எங்களுக்கும் வெப்லன் பாடம் இருந்தது. பகட்டு நுகர்வைப் பற்றி அவர் 1899இல் எழுதினார். எழுதியது ஓய்வாக உட்கார்ந்து உண்ட வர்க்கத்தைப் பற்றி. ஷிப்டு முடித்து வந்து, சொட்டும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துவிட்டுப் படுக்கிற பிள்ளையின் மேல் அதை ஒட்டுவதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும். மேலே சொன்ன தம்பியின் 2,60,000 ரூபாயில் டைல்ஸின் பங்கு 24,000. மீதியெல்லாம் கூரை, தரை, கழிவறை, ஒயரிங். அந்த 24,000உம் தவறில்லை என்பதே எங்கள் கட்சி. சாணி மெழுகிய தரையில் அப்பத்தா முட்டி தேயத் தேய வேலை செய்தாள். பேத்தி ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படிக்கப் போகிறாள்.

நம் வீடுகள் நன்றாக இருப்பது யாரை உறுத்துகிறது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1995 ஆகஸ்டு 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை நுழைந்தபோது அடித்து நொறுக்கப்பட்டவற்றில் டிவி, மின்விசிறி, தையல் இயந்திரம் இருந்தன. வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் நிமிர்ந்த ஊர் அது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தபோது பெங்களூரிலும் திருப்பூரிலும் சம்பாதித்துச் சேர்த்த பீரோவும் பைக்கும் நகையும்தான் சூறையாகி எரிந்தன. காதல் திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது. எரித்தவர்கள் குறிவைத்தது நம் வீட்டுக்குள் இருந்த முன்னேற்றத்தை. ஆகவே வீட்டைச் சரிசெய்யாதே, டைல்ஸ் போடாதே என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை எங்களுக்கு வேண்டாம். போடுங்கள். எந்தக் காசில், எத்தனை வட்டியில் என்பதை மட்டும் பேசுவோம்.

பேசுவதற்கு இடமில்லாததுதான் சிக்கல். கந்து வட்டிக் கடன் என்றால் காலனியே பேசும், சங்கம் வரும், மனு போகும். கார்டு கடன் மட்டும் ரகசியம். அம்மாவுக்குத் தெரியாது, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குத் தெரியாது. படித்த பிள்ளை, கம்பெனிக்குப் போகிற பிள்ளை கடனில் இருக்கிறான் என்று சொல்லக் கூச்சம். அதன் விளைவை இயக்கத்தில் இருக்கிற நாங்கள் வேறு வடிவில் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர் ஓவர்டைமுக்குப் போய்விடுகிறார். தெரியாத எண் என்றால் போனை எடுப்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் "இந்த மாசம் வேணாம் தோழர், வேலை போயிட்டா டியூ கட்ட முடியாது" என்கிறார். மாதம் 9,000 ரூபாய் தவணை ஒரு இளைஞனின் வாயை மூடிவிடுகிறது.

அந்த 9,000ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தம்பியின் நிலுவை 1,80,000. மாதம் மூன்றரை வட்டி என்றால் 6,300. அதன் மேல் ஜிஎஸ்டி 1,134. ஆக 7,434 ரூபாய் வட்டிக்கே போகிறது. பில்லில் 'மினிமம் டியூ' என்று போட்டிருப்பது நிலுவையில் 5 விழுக்காடு, அதாவது 9,000. அதைக் கட்டினால் அசலில் கழிவது 1,566. அடுத்த மாதம் நிலுவை கொஞ்சம் குறைவதால் மினிமம் டியூவும் கொஞ்சம் குறையும். "பரவாயில்லையே, குறையுதே" என்று தோன்றும். அதுதான் பொறி. அந்தக் குறைகிற தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால், புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தாலும், கடன் பாதியாவதற்கு ஏறத்தாழ ஆறரை ஆண்டு ஆகும். அதற்குள் கட்டியிருக்கும் பணம் 5,17,000. தீர்ந்திருக்கும் அசல் 90,000. மறுபடி ஒருமுறை படியுங்கள். நாங்களும் முதல் தடவை கால்குலேட்டர்தான் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்தோம்.

இதே 9,000ஐக் குறைக்காமல், பில்லில் என்ன போட்டிருந்தாலும் மாதா மாதம் 9,000 என்று கட்டினால் 44 மாதங்களில் முழுக்கடனும் தீரும். 12,000 கட்ட முடிந்தால் 24 மாதங்கள். கடனை ஒரு வட்டிக்கு மாற்றிவிட்டு 9,000 கட்டினால் 23 மாதங்கள். மொத்தமாகப் போவது இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டும். ஒரே கடன், ஒரே சம்பளம். வட்டியும் கட்டும் முறையும் மாறினால் ஒருவர் வாழ்க்கையில் எத்தனை ஆண்டுகள் மிச்சமாகின்றன என்று பாருங்கள்.

எனவே கார்டு கடனில் இருக்கும் தோழர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது: கார்டுகளை ஒரு கவரில் போட்டு அக்காவிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள். முழு நிலுவையும் கட்டாத கார்டில் அடுத்து வாங்குகிற பால் பாக்கெட்டுக்குக்கூட வட்டியில்லாக் காலம் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் கட்டணமும் உண்டு, அன்றே வட்டியும் உண்டு. ரொட்டேஷன் கடைப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது மாற்றுவது. வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கார்டை அடைப்பது, மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும், கணக்குக்குச் சரி. மூன்றரை வட்டிக் கடன் தலையில் இருக்கும்போது பீரோவில் மூன்று பவுன் இருப்பது சேமிப்பு ஆகாது. மீட்கும் தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள், ஏலத்துக்கு விட்டுவிடாதீர்கள். கார்டு கடனை வங்கியிலேயே தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம். பெரும்பாலும் பாதி வட்டிக்குக் கிடைக்கும். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று சொன்னால் மட்டும் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். காஸ்ட் எங்காவது ஒளிந்திருக்கும்.

மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வங்கி இணைப்பில் மூன்று லட்சம் வரை ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்குக் குழுவுக்குக் கிடைக்கிறது. நாட்டிலேயே மலிவான கடன்களில் ஒன்று. அதனால் மகன் கடனை அடைக்க அம்மா குழுவில் எடுத்துக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. பிறகு மகன் இரண்டு மாதம் தவறினால் வாராந்திரக் கூட்டத்தில் பத்துப் பெண்கள் முன்னால் தலை குனிந்து உட்காருவது அம்மா. எடுப்பதானால் தம்பிகளே, அம்மாவின் கணக்குக்குச் சம்பள நாளன்றே பணம் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டு எடுங்கள். முடியாதென்றால் அம்மாவைக் கேட்காதீர்கள். அவர்கள் ஏற்கனவே சுமந்தது போதும்.

செட்டில்மெண்ட் பற்றி நிறையக் கேள்வி வருகிறது. கட்டவே முடியாத நிலையில், வேலை போன நிலையில், வங்கியோடு பேசி ஒரு தொகைக்கு முடித்துக்கொள்வது ஒரு வழி. வாய்ப்பேச்சில் முடிக்க வேண்டாம், கடிதம் வாங்கிய பிறகே பணம். ஆனால் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். பல ஆண்டுகள் அது கூடவே நிற்கும். நாளைக்குப் பட்டா சரியாகி வீட்டுக்கடனுக்குப் போகும்போது அதுவே தடையாகும். ஓரளவு கட்ட முடிகிறவர்கள் அந்தப் பக்கம் அவசரப்பட வேண்டாம்.

இனி வசூலுக்கு வருகிறவர்கள். கடன் கட்டாமல் போவது குற்றமில்லை, அது உரிமையியல் விவகாரம். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்பது மிரட்டல். கொடுத்த காசோலை திரும்பினாலோ கணக்கில் தானாக எடுக்கும் தவணை பணமின்றித் திரும்பினாலோ மட்டும் தனி வழக்குக்கு இடமுண்டு, அதில் கவனமாக இருங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது அதே ஆண்டின் கார்டு வழிகாட்டுதலில் இருக்கிறது. பில்லை உட்கார்ந்து சரிபாருங்கள். மீறினால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம்; விவரம் கேட்க 14448.

நம் காலனித் தெருவில் நின்று, நாலு பேர் கேட்க, சாதிப் பெயரைச் சொல்லி வசூல்காரர் திட்டினால் அது வங்கிப் புகாரோடு நிற்கிற விஷயமில்லை. திட்டியவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் இருக்கின்றன. போனில் தனியாகத் திட்டியதற்கு அந்தப் பிரிவுகள் நிற்பது கடினம், பிறர் காண வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. போன் அழைப்புகளைப் பதிவு செய்து வங்கிப் புகாரில் சேருங்கள். வாசலில் நடந்தால் சாட்சிகளோடு காவல் நிலையம். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கத்தும்போது மற்ற வீட்டுக் கதவுகள் சாத்திக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவன் கடன், அவன் பாடு என்று. அந்த ஐந்து நிமிடம் நாலு இளைஞர்கள் போய்ப் பக்கத்தில் நின்றாலே போதும்.

அந்தத் தம்பி இப்போது அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து ஒரு லட்சத்தை அடைத்துவிட்டார். மீதி 80,000க்கு மாதம் 9,000 கட்டி வருகிறார். பன்னிரண்டு மாதத்தில் கார்டு முடிந்துவிடும், பிறகு சங்கிலியை மீட்க வேண்டும். இது ஏழாவது மாதம். தங்கையின் கல்யாணத்தைப் புது ஆண்டுக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் காரணத்தை நேராகவே சொன்னார்களாம். அவர்கள் வீட்டிலும் ஒரு கார்டு இருந்திருக்கிறது.

இதெல்லாம் தனித்தனி ஆட்கள் தப்பிக்கிற வழி. அரசு கட்டிய கூரை இடிந்ததற்கு அரசு என்ன செய்கிறது என்று கேட்காமல் இதோடு நிறுத்தினால், கடன் ஆலோசனை மையம் நடத்துகிறோம் என்று அர்த்தமாகிவிடும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் என்றார்கள், அது குடிசைகளுக்கு. இடிந்த தொகுப்பு வீட்டில் இருப்பவர் கணக்கில் ஏற்கனவே கான்கிரீட் வீட்டுக்காரர். அவர்களுக்காக, 2000–01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது? காலனியில் எத்தனை, ஊருக்குள் எத்தனை? கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் பிள்ளைகள் பலர் அன்றைக்குத்தான் லீவு கிடைத்ததென்று தூங்குகிறார்கள்.

நாங்கள் வேலை செய்கிற மூன்று காலனிகளில் இந்த முறை மனுவை வேறு மாதிரி எழுதுகிறோம். வீடு எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில் கட்டியது, கம்பி தெரிகிற கூரையின் படம், மனைப் பட்டா யார் பெயரில் எந்த நிலையில் நிற்கிறது, பெயர் மாற்றக் கேட்டு எந்தத் தேதியில் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தோம், அரசு செய்யாத வேலையைக் குடும்பம் எவ்வளவு சொந்தச் செலவில், எத்தனை வட்டிக்கு வாங்கிச் செய்தது என்று வீடு வீடாக ஒரு பக்கம். கடைசியில் கார்டு பில்லின் நகல். எண்ணை மறைத்துவிட்டு வட்டி வரியை மட்டும் மஞ்சள் பேனாவால் கோடிட்டு இணைக்கச் சொல்லியிருக்கிறோம்.